‘அஞ்சலட்டை மாதிரி இருக்கிறது’

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, தில்லி மயூர் விஹாரில் வசிக்கும் நாங்கள் ஏழெட்டுத் தமிழர்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை யாராவது ஒருவர் வீட்டில் கூடி, அவரவர் எடுத்த படங்களை அச்சிட்டுக் கொண்டுவந்து பார்ப்பது வழக்கம். சென்ற நவம்பரில் உத்தராகண்டில் உள்ள தேவ்ரியா தால் ஏரிக்குச் சென்று, விடியற்காலையில் சௌகம்பா சிகரமும் நீரில் அதன் பிம்பமும் சேர்ந்து வரும்படி ஒரு படம் எடுத்தேன். அங்கே நின்றபோது என் மூச்சின் ஓசைகூட எனக்குக் கேட்டது. அப்படி ஓர் அமைதி. கூட்டத்தில் படத்தைக் காட்டியபோது பலரும் ‘சூப்பர்’ என்றார்கள். எங்களில் மூத்தவர் மட்டும் ‘அஞ்சலட்டை மாதிரி இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு அடுத்த படத்தைக் கேட்டார். அந்தச் சொல் இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை. அன்றைக்கே, புதிதாகச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் கௌசானியில் எடுத்த திரிசூல் மலைப் படத்தைக் காட்டி என் கருத்தைக் கேட்டார். முன்புறத்தில் தகரக் கூரைகளும் மின்கம்பிகளும் இருந்தன. கம்பிகளை அழித்துவிடும்படி எல்லோரும் சொன்னார்கள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் ‘நன்றாக இருக்கிறது’ என்று முடித்துக்கொண்டேன். பிறர் கருத்தை எப்படி ஏற்பது, பிறருக்கு எப்படிச் சொல்வது? என் படத்தையும் இணைத்திருக்கிறேன். தயங்காமல் சொல்லுங்கள். (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் படத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன். கருத்துச் சொல்வது எப்படி என்று பொதுவாக விளக்குவதைவிட ஒரு படத்தை முன்னால் வைத்துச் செய்து காட்டுவது எனக்கு எளிது. நீங்கள் அனுப்பிய கோப்பை முதலில் கைப்பேசியிலும் பிறகு கணினியிலும் பார்த்தேன். கடைசியாக 12-க்கு 18 அங்குலத்தில் அச்சிட்டு, மேசைமேல் ஒரு பகல் முழுவதும் வைத்திருந்து, போகும்போதும் வரும்போதும் பார்த்தேன்.

என் கண் முதலில் போனது ஆரஞ்சு நிறத்தில் எரியும் சிகரத்துக்கு. அங்கிருந்து நேரே கீழே பிம்பத்துக்கு இறங்கியது, மறுபடி மேலே ஏறியது, மறுபடியும் இறங்கியது. இரண்டு மூன்று முறை இப்படி ஏறி இறங்கியபின் போவதற்கு வேறு இடமில்லாமல், இடது ஓரத்தில் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும் புராஞ்ஸ் (ரோடோடென்ட்ரான்) மரக்கிளையில் தட்டி, படத்தை விட்டே வெளியே போய்விட்டது. (நீலகிரியில் இதன் உறவு மரத்தைக் காட்டுப்பூவரசு என்பார்கள், பூக்காத காலத்தில் அடையாளம் காண்பது சிரமம்.) அச்சுப் பிரதியில்தான், அக்கரைக் காட்டுக்கும் மலையடிவாரத்துக்கும் நடுவே மெல்லிய மூடுபனி ஒன்று நீளமாகப் படுத்துக் கிடப்பதைக் கண்டேன். கைப்பேசியில் அது கண்ணுக்கே தட்டுப்படவில்லை. இந்தப் படத்தின் உயிர் அந்தப் பனியில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்களோ அதை ஏறக்குறைய துடைத்து எடுத்திருக்கிறீர்கள்.

இதுவரை நான் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்; கண் போன வழியை மட்டும் சொன்னேன். இனி வருவது குறைகள்.

பிம்பம் மலையளவுக்கே பிரகாசமாக இருக்கிறது. சில இடங்களில் மலையைவிட அதிகமாகவும் இருக்கிறது. நேர் மேலிருந்து பார்த்தால் தண்ணீர் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 2 விழுக்காட்டைத்தான் திருப்பி அனுப்பும். பார்வை சாயச் சாய அந்த அளவு கூடிக்கொண்டே போகுமே தவிர, நாம் கரையில் நின்று பார்க்கும் கோணங்களில் முழு ஒளியும் திரும்பி வருவதில்லை. ஆகவே ஏரியில் தெரியும் பனிமலை, மேலே நிற்கும் பனிமலையைவிட ஒரு படியாவது மங்கலாக இருந்தாக வேண்டும். இந்தக் கணக்கு பார்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவருடைய கண்ணுக்குத் தெரியும். குளக்கரையில் வளர்ந்தவர்கள் நாம். எங்கேயோ பொய் இருக்கிறது என்று கண் உணர்ந்துவிடும், காரணத்தைத்தான் அதனால் சொல்ல முடியாது. ஐயமிருந்தால் உங்கள் அச்சுப் பிரதியைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். எது மலை, எது நீர் என்று சில நொடிகள் குழப்பம் வரும். உண்மையான பிம்பம் தன்னை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

சிகரத்தின் வலப்பக்கச் சரிவில் பனியின் மடிப்புகளே தெரியவில்லை. ஒரே ஆரஞ்சுப் பரப்பாக இருக்கிறது. உதயத்தின் செவ்வொளி பனிமேல் விழும்போது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று தடங்களில் சிவப்புதான் முதலில் நிரம்பி வழியும். மொத்த வெளிச்சத்தைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் சிவப்பு வரைபடத்தின் வலது விளிம்பில் மோதி நிற்பது தெரியும். அதற்குமேல் சாச்சுரேஷனையும் (நிறச்செறிவையும்) கூட்டினால் மடிப்புகள் மறையாமல் என்ன செய்யும்? கேமரா பதிந்த, திருத்தப்படாத ரா கோப்பைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் அந்த மடிப்புகள் அங்கே பத்திரமாக இருக்கும்.

படம் ஒரு டிகிரி அளவுக்கு வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. மலைப் படங்களில் அடிவானம் கிடையாது. ஏரியின் அக்கரை விளிம்பும் நமக்குக் குறுக்காக ஓடினால் சாய்வாகவே தெரியும். அதை மட்டக்கோடாக நம்பினால் ஏமாந்துபோவோம். பிம்பம் உள்ள படத்தில் வேறொரு வழி உண்டு: படத்தின் நடுப்பகுதியில் உள்ள ஒரு சிகரத்தின் நுனியையும், நீரில் அதே நுனியையும் ஒரு கோட்டால் இணையுங்கள். அந்தக் கோடு செங்குத்தாக நிற்க வேண்டும். இது சிறிய குறைதான், அரை நிமிடத்தில் தீரும்.

பனியைத் துடைத்ததுதான் பெரிய குறை. அதில் தில்லிக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன். நவம்பர் மாதத்துத் தில்லி வானத்தைப் பார்த்துப் பார்த்து நம் கண்ணுக்கு ஒரு வெறி பிடித்துவிட்டது. எங்கே வெண்படலம் தெரிந்தாலும் அது புகை, அது நஞ்சு, அதை நீக்கியாக வேண்டும் என்று விரல் தானாகவே டீஹேஸ் பொத்தானைத் தேடிப் போகிறது. என் மாணவர்களிடம் ஆண்டுதோறும் இதைக் காண்கிறேன்; நானே செய்து பிறகு வெட்கப்பட்டதும் உண்டு. மலையில் அந்தப் படலம் தூரத்தின் அளவுகோல். அக்கரைக் காட்டுக்கும் 7,138 மீட்டர் உயரமுள்ள சௌகம்பாவுக்கும் இடையே எத்தனை பள்ளத்தாக்குகள் கிடக்கின்றன என்பதை அந்த ஒற்றைப் படலம்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அதை எடுத்ததும் மலை நகர்ந்து வந்து காட்டின்மேல் ஒட்டிக்கொண்டுவிட்டது, பள்ளி நாடகத்தின் பின்திரைபோல.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். மூச்சின் ஓசைகூடக் கேட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் மிக நல்ல வரி அது. அந்த வரியைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தால், இரண்டும் ஒரே விடியற்காலையைச் சேர்ந்தவையா என்று ஐயம் எழுகிறது. படத்தில் ஓசை மிகுதி. ஆரஞ்சு கூவுகிறது, பிம்பம் அதற்குப் பின்பாட்டுப் பாடுகிறது. நீங்கள் கேட்ட அமைதியை எடுத்து வைத்துவிட்டு, கூட்டத்தில் உள்ளவர்களுக்குப் பிடிக்கும் என்று நீங்கள் நினைத்ததை அங்கே வைத்திருக்கிறீர்கள். உங்கள் மூத்தவர் ‘அஞ்சலட்டை’ என்று சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். யார் எடுத்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும் என்பது அந்தச் சொல்லின் பொருள். அது சரியான சொல் என்பதை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கண் கண்டதை அப்படியே காட்ட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1927 ஏப்ரல் 10 அன்று யோசெமிட்டியில் ஹாஃப் டோம் என்னும் பெரும்பாறையின் எதிரே நின்றபோது அவரிடம் படம் பதியும் கண்ணாடித் தகடுகள் இரண்டே மிச்சமிருந்தன. ஒன்றை மஞ்சள் ஃபில்டருடன் எடுத்தார். எடுத்த உடனே, வானம் இதில் சாதாரணமாகத்தான் வரும், பாறையின் முன்னால் தாம் உணர்ந்தது வராது என்று அவருக்குப் பட்டது. கடைசித் தகட்டை அடர்சிவப்பு ஃபில்டருடன் எடுத்தார். வானம் கிட்டத்தட்டக் கறுப்பாகிவிட்டது. அப்படியொரு வானத்தை அன்று யாரும் கண்ணால் பார்த்திருக்க முடியாது. அவரும் மிகைப்படுத்தினார்தான், தாம் உணர்ந்த திசையில் மிகைப்படுத்தினார். நீங்கள் உணர்ந்ததற்கு எதிர்த்திசையில் மிகைப்படுத்தியிருக்கிறீர்கள்.

மூத்தவர் சொன்னது சரியென்றால் உங்களுக்கு ஏன் இத்தனை வருத்தம்? அவர் முடிவை மட்டும் சொல்லிவிட்டு, அந்த முடிவுக்கு வந்த வழியைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். அதை வைத்துக்கொண்டு நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ‘சூப்பர்’ என்றவர்களும் இதையேதான் செய்தார்கள். அது இனித்ததால் உங்களுக்கு உறுத்தவில்லை.

1994-இல், தில்லிக்கு வந்த புதிதில், முன்சியாரியிலிருந்து எடுத்த பஞ்சசூலி மலைகளின் ஸ்லைடு ஒன்றை ஒரு பத்திரிகையின் படப்பிரிவில் இருந்த பெரியவரிடம் கொண்டுபோனேன். ஸ்லைடு ஃபிலிமில் ஒளியளவு அரை ஸ்டாப் (ஸ்டாப் என்பது ஒளியை இரு மடங்காக்கும் அல்லது பாதியாக்கும் ஒரு படி) பிசகினாலும் பனி வெளுத்துவிடும். அளவு கச்சிதமாக வந்திருந்ததில் எனக்கு அசாத்தியப் பெருமை. அவர் அதை விளக்குப் பெட்டியின்மேல் வைத்தார். தம் சட்டைப்பையிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து, படத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கை மறைத்தார். ‘இப்போது என்ன குறைந்துவிட்டது?’ என்று கேட்டார். ஒன்றும் குறையவில்லை என்றேன். ‘அப்படியானால் இதை எதற்கு எடுத்தீர்கள்?’ என்றார். வேறு எதுவும் பேசவில்லை. கரோல் பாக் அறைக்குத் திரும்பும் வழியெல்லாம் அவரை மனத்துக்குள் வைதுகொண்டே போனேன். ஆனால் அன்றிரவே, மிச்சமிருந்த ஸ்லைடுகளையெல்லாம் எடுத்துப் பரப்பி, பேருந்துச் சீட்டு ஒன்றால் ஒவ்வொன்றாக மறைத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். அவர் இனிமையாகப் பேசவில்லை. ஆனால் நானே செய்துபார்க்கக்கூடிய ஒரு சோதனையைக் கொடுத்தார், நானே பதில் சொல்ல வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்டார். உங்கள் மூத்தவரிடம் குறைந்தது அதுதான்.

ஆகவே கருத்தை ஏற்பது பற்றி உங்களுக்கு நான் சொல்வது இது. குறை கேட்ட அன்றே படத்தைத் திருத்தவும் வேண்டாம், அதற்காக வாதாடவும் வேண்டாம். ‘அந்தக் குளிரில் ட்ரைபாடை நிறுத்தவே இடமில்லை’, ‘லென்ஸ் அவ்வளவுதான்’ என்றெல்லாம் விளக்கம் சொல்ல நாக்குத் துடிக்கும். படம் சுவரில் மாட்டப்பட்டபின் அதன் பக்கத்தில் நின்று நீங்கள் விளக்கப் போவதில்லை. சொன்னவர் முடிவை மட்டும் சொன்னால், ‘எந்த இடத்தைப் பார்த்தபோது உங்களுக்கு அப்படித் தோன்றியது?’ என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பெரும்பாலானவர்கள் விரலால் தொட்டுக் காட்டுவார்கள். அந்த விரல் அவர்கள் சொல்லும் வாக்கியத்தைவிட நம்பகமானது. ஒருவர் ‘நிறம் அதிகம்’ என்பார், இன்னொருவர் ‘ஏதோ செயற்கையாக இருக்கிறது’ என்பார், மூன்றாமவர் ‘எனக்குச் சொல்லத் தெரியவில்லை’ என்பார். மூவரும் பிம்பத்தையே தொடுவார்கள். நோய் அங்கேதான் இருக்கிறது. மருந்தைப் பற்றி அவர்கள் சொல்வதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ‘மேலே வெட்டிவிடு’, ‘வானத்தை மாற்று’, ‘கறுப்பு வெள்ளையாக்கு’ என்று வரும் யோசனைகள் பெரும்பாலும் அவர்கள் எடுத்திருக்கக்கூடிய படத்துக்கானவை.

ஒரு வாரம் கழித்து ரா கோப்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள். பழைய திருத்தத்தின்மேல் திருத்த வேண்டாம். ஆடம்ஸ் 1941-இல் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரின்மேல் எழுந்த நிலவை எடுத்த நெகட்டிவைப் பல பத்தாண்டுகளுக்குத் திரும்பத் திரும்ப அச்சிட்டார். காலம் போகப்போக வானம் மேலும் கறுத்துக்கொண்டே வந்தது. எடுத்தவருக்கே ஒரு படம் என்ன என்பது ஒரே நாளில் தெரிந்துவிடுவதில்லை.

இனி அந்தப் பெண்ணுக்கு நீங்கள் சொன்ன ‘நன்றாக இருக்கிறது’. அது உங்களைப் பாதுகாத்துக்கொள்ளச் சொன்னது என்பது உங்களுக்கே தெரிந்திருப்பதால்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அவருடைய படத்தை நான் பார்க்கவில்லை. ஆனாலும் கம்பிகளை அழிக்கச் சொன்ன உங்கள் குழுவினரோடு எனக்கு உடன்பாடில்லை. குறைந்தபட்சம், அவரைக் கேட்காமல் சொல்லியிருக்கக் கூடாது.

மலைப் படம் என்றால் ஆளும் வீடும் இல்லாத தூய மலை என்ற எண்ணம் நமக்கு நாட்காட்டிகளிலிருந்து வந்தது. நம் குறிஞ்சிப் பாடல்களில் வெறும் மலையைப் பார்ப்பது அரிது. தினைப்புனமும் அதில் கிளி ஓட்டும் பெண்ணும், தேனடையும், இரவில் இறங்கிவரும் யானையும், அந்தப் பாதையில் வருகிறவனை நினைத்துக் கலங்கும் மனமும் இருந்தால்தான் அது குறிஞ்சி. நிலமும் பொழுதும் முதற்பொருள், அங்கே வாழ்பவை கருப்பொருள், அங்கே நிகழும் உணர்வு உரிப்பொருள் என்று வகுத்து வைத்திருக்கிறார்கள். மலைப் படத்தின் முன்னால் உட்காரும்போது எனக்கு இதைவிட உதவியான வகுப்பு வேறு கிடைத்ததில்லை. நம் கூட்டங்களில் பேச்செல்லாம் முதற்பொருளோடு நின்றுவிடுகிறது: ஒளி எப்படி, எத்தனை மணி, எந்த இடம். கருப்பொருளைப் பெரும்பாலும் அழிக்கச் சொல்கிறோம். உரிப்பொருளைக் கேட்கக் கூச்சப்படுகிறோம்.

கௌசானியில் 7,120 மீட்டர் திரிசூலைத் தினமும் தகரக் கூரைக்கு மேலே, மின்கம்பிக்கு நடுவே பார்த்தபடி பல் துலக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெண் எடுத்தது அவர்களுடைய மலையாக இருந்தால், கம்பியை அழித்ததும் படம் செத்துப்போகும். அவர் அவசரத்தில் கம்பிகளைக் கவனிக்காமல் எடுத்திருந்தால் அது வேறு பேச்சு. இரண்டில் எது என்பதை நீங்களோ நானோ ஊகிக்க வேண்டாம். அவரைக் கேட்டால் போதும்.

அடுத்த கூட்டத்தில் அந்தப் பிரதியை மறுபடி கொண்டுவரச் சொல்லுங்கள். ‘சென்ற முறை நான் சரியாகப் பார்க்கவில்லை’ என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அதில் இழுக்கு ஒன்றுமில்லை. இந்தத் தடவை இப்படித் தொடங்கலாம்: ‘என் கண் முதலில் கூரைகளுக்குத்தான் போயிற்றம்மா. அங்கிருந்து கம்பி வழியாக வலது ஓரத்துக்குப் போய்விட்டது. மலைக்குக் கடைசியில்தான் வந்தேன். நீங்கள் நினைத்ததும் அப்படித்தானா?’ அவர் ஆமென்றால், கம்பி கண்ணை எங்கே கொண்டுபோய் விடுகிறது, மலையிலா வெளியிலா என்று பேசுங்கள். இல்லையென்றால், ஓரடி இடப்பக்கம் நகர்ந்து நின்றிருக்க முடியுமா, கொஞ்சம் மேலேறியிருக்க முடியுமா, 18 மில்லிமீட்டரில் எடுத்ததால் கூரைகள் பெருத்து மலை சிறுத்துப்போயிற்றா என்று பேசுங்கள். அகன்ற லென்ஸை மலைமேல் திருப்பினால் அருகில் கிடக்கும் கல்லும் மலையைவிடப் பெரிதாகிவிடும். பின்னால் தள்ளி நின்று 100 அல்லது 200 மில்லிமீட்டரில் எடுத்தால் அதே கூரைக்குமேல் மலை எழுந்து நிற்கும். இப்படிப்பட்ட செய்தி அவருக்கு அடுத்த பயணத்தில் பயன்படும். உங்களுக்குப் பிடித்ததா இல்லையா என்பதைச் சொல்லத் தேவையே இராது. அவராகக் கேட்டால் சொல்லுங்கள்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் குழுவில் படத்தை எடுத்தவர் முதலில் பேசுகிறாரா, பார்ப்பவர்கள் முதலில் பேசுகிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. பார்ப்பவர்கள் முதலில் பேசட்டும். எடுத்தவர் தம் பயணக்கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டால், மற்றவர்கள் அந்தக் கதையைப் பார்ப்பார்களே ஒழிய, தாளைப் பார்க்க மாட்டார்கள். எல்லோரும் தம் கண் போன வழியைச் சொல்லி முடித்தபின், எடுத்தவர் தாம் எதை நாடினார் என்பதை இரண்டு வாக்கியத்தில் சொல்லட்டும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பற்றி மட்டும் அதற்குப் பின் பேசினால், காப்பி ஆறுவதற்குள் ஒரு படம் முடிந்துவிடும்.

உங்கள் படத்துக்கு நான் மருந்து எழுதித்தரப் போவதில்லை. ஆனால் ஒரு வேண்டுகோள். டீஹேஸைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆரஞ்சைக் கேமரா கண்ட அளவுக்கு இறக்கிவிடுங்கள். பிம்பத்தை ஒரு ஸ்டாப் இருட்டாக்குங்கள். பிறகு பளபளப்பில்லாத மேட் தாளில் இரண்டு பிரதிகள் அச்சிடுங்கள்: ஒன்று சிகரத்தோடு முழுப்படம், மற்றொன்று, சிகரத்தின் நுனியைக்கூட விட்டுவிட்டு, பனிப்படலத்தையும் காட்டையும் அதற்குக் கீழே நீரையும் மட்டும் வைத்து வெட்டியது. இரண்டையும் மூத்தவர் முன்னால் எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டு, அவர் விரல் எங்கே போகிறது என்று பாருங்கள். அது எந்தப் பிரதி என்பதை எனக்கு எழுதுங்கள்.